யானை கரையேறிய அன்று

மகனே,

நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டுமாம். உன் அம்மாவின் உத்தரவு. கேட்டுவிட்டேன். அக்கரைக் குப்பத்தில் குழம்புக்குப் புளியை அள்ளிக் கொட்டுவார்கள், பிள்ளைக்கு வயிறு எரியும் என்று பதின்மூன்று நாளாக அவள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் வயிறு எரிகிறது. இங்கே எல்லோரும் சுகம். உனக்குப் பதிலாக அவர்கள் நம் வீட்டில் பிணையாக விட்டுப்போன எல்லப்பனும் சுகம். சாதாரணச் சுகம் இல்லை. வந்த நாளைவிட இப்போது அவன் கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன. நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்தில் நான் எழுதும் முதல் நீளமான ஓலை இது. துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கைதான், ஆனாலும் இந்தச் சின்ன எழுத்தாணி அதை அழவைக்கிறது. வரி கோணல்மாணலாகப் போனால் சிரிக்காதே. கொண்டுவருபவள் கன்னியம்மா. ஏரியில் இடுப்புத் தண்ணீரில் நின்று, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவளுக்கு இரண்டு கரையும் ஒன்றுதான். "எம்மாம் ஓலை வேணா எழுது, தலையில கட்டிகினு போறேன். ஆனா படிச்சிக் காட்டச் சொல்லாத, எனக்கு நேரமில்ல"ன்னு இப்போதே வாசலில் நின்று அவசரப்படுத்துகிறாள்.

நாளை மறுநாள் பௌர்ணமி. இரண்டு குப்பத்தாரும் மணல் திட்டில் கூடப்போகிறார்கள். நம் குப்பம் இருக்கும் இருப்பை நீ பார்க்க வேண்டும். தேர்த் திருவிழாவுக்குக்கூட இவ்வளவு ஆரவாரம் இல்லை. தோணிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசியாயிற்று. போன மாசம் வரை அக்கரைக்காரன் பெயரைச் சொன்னாலே காறித் துப்பிக்கொண்டிருந்தவர்கள், இன்றைக்கு யார் யார் எந்தத் தோணியில் போவது என்று சண்டை போடுகிறார்கள். சமாதானத்துக்குப் போவதற்கே ஒரு சண்டை. கோட்டையில் உலாந்தா வெள்ளைக்காரர்கள் வழக்கம்போலக் காலை வெடி போட்டபோது, பக்கத்து வீட்டுக் கிழவர் திடுக்கிட்டு எழுந்து, "கூட்டம் கூடிருச்சா?"ன்னு கேட்டுக்கொண்டு வேட்டியைத் தேடினாராம். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. வலையைக் கையில் எடுத்தால் கண் மணல் திட்டுப் பக்கம் ஓடுகிறது. என் வயதுக்கு இப்படி நெஞ்சு குதிக்கக் கூடாது, ஆனால் குதிக்கிறது. இவ்வளவும் உன்னால் வந்தது.

போன மழைக்காலத்தில் நீ இந்தப் பேச்சை முதலில் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய நாட்டார் வாசலில் கூட்டம். அக்கரைக்காரனைத் தடுக்க முகத்துவாரத்தில் இந்த வருஷம் எத்தனை பேரைக் காவலுக்கு நிறுத்துவது, எத்தனை கழிகளைச் சீவி வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். நீ எழுந்து, "நம்ம அம்மாங்க சந்தையில புளியமரத்து நெழலுக்கு முறை வெச்சிகினு இருக்காங்க. ஒரு நாளு அவங்க கூடை, ஒரு நாளு நம்ம கூடை. நான் பொறந்ததுலேர்ந்து ஒரு தபா கூட சண்ட வந்து பாத்ததில்ல. நெழலுக்கு முறை வைக்கத் தெரிஞ்ச ஊரு தண்ணிக்கு வைக்க முடியாதா?" என்று கேட்டாய். நாட்டார், "டேய், சந்தைக்குப் பொம்பளைங்க போறாங்க, முகத்துவாரத்துக்கு ஆம்பளைங்க போறோம்" என்றார். "அதான் பெரிநைனா பேஜாரே" என்றாய் நீ. பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் நீ மணலில் கோடு கிழித்து விளக்கினாய். முகத்துவார வாய்க்காலில் வலை கட்டத் தோதான இடம் மூன்று. நாளுக்கு ஒரு குப்பம், இடத்துக்கு ஒரு குடும்பம், சீட்டுப் போட்டு முறை. கையால் பிடிப்பவர்களுக்கு முறையே வேண்டாம், அவர்கள் என்றைக்கும் எங்கேயும் இறங்கலாம். நம் பிள்ளைகள் கழி சீவுவதை மறக்கும் காலம் வரும் என்று கடைசியில் நீ சொன்னபோது உன் குரல் உடைந்தது. அந்த இடத்தில்தான் நான் சிரித்தேன். கூட்டத்திலேயே பலமாகச் சிரித்தவன் நான்தான். "மீசை முளைச்ச கொழந்தைய்யா இது"ன்னு எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஏன் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்த ஓலை. அதற்கு முன் ஒரு பாராட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு முகம் இருக்குமோ என்னவோ. நீ விடவில்லை. வீடு வீடாகப் போனாய். திட்டியவர்களிடமே திரும்பப் போய் மோர் வாங்கிக் குடித்தாய். கோட்டை மருந்துச் சாலையில் வெடிமருந்து அரைக்கும் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டபோது, "வெடிக்கிற சாமானை நான் செய்ய மாட்டேன் நைனா" என்று வந்துவிட்டவன் நீ. பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். கடைசியில் அமாவாசைக் கூட்டத்தில், பௌர்ணமியில் உட்கார்ந்து பேசுவது, அதுவரை முகத்துவாரத்தில் யாரும் வலை கட்டுவதில்லை, நடுவில் யாரும் கலகம் செய்யாதிருக்க ஒரு குப்பத்து ஆள் மறு குப்பத்தில் பிணை நிற்பது என்று முடிவானது. யார் போவது என்று நாட்டார் கேட்டு வாயை மூடுவதற்குள் நீ தோணியில் இருந்தாய். பேச்சு முறிந்தால் பிணை நின்றவன் வீடு திரும்புவது எதிராளியின் தயவு. அது உனக்குத் தெரியும். எனக்கும் உன் அம்மாவுக்கும் அதைவிட நன்றாகத் தெரியும்.

பேச்சு முறியும் போலத்தான் இருக்கிறது, மகனே. அதனால்தான் எழுதுகிறேன். முறை வைப்பதில் நம்மவர்களுக்கு இப்போது மனத்தாங்கல் இல்லை. ஆனால் நாட்டார் ஒரே பிடியாக நிற்கிறார்: "இருபத்துமூணு வருசத்துக்கு முன்ன நம்ம வலைய அறுத்தது அவனுங்க. அதுக்கு மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் சீட்டு." அக்கரையில் உனக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் அறுக்கவில்லை, செய்யாததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று சொல்லியிருப்பார்கள். நீ நடுவில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பாய். யார் சொல்வது உண்மை என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வலை என் வலை.

உனக்கு நம் கதை மனப்பாடம். உன் மாமன்மார் சணல் திரித்து, பின்னி, பட்டைச் சாற்றில் தோய்த்து, கல்யாணச் சீராகக் கொடுத்த புது வலை. கல்யாணமாகி இரண்டாம் மாசம் முகத்துவாரத்தில் கட்டினேன், அக்கரைக்காரன் பொறாமையில் அறுத்துவிட்டான். இதைத்தான் உனக்குச் சோறு ஊட்டும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன். நடந்தது வேறு. பெருமழை ஓய்ந்து மூன்றாம் நாள் அது. ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகிறது, அதோடு இறால் கூட்டம் கூட்டமாக இறங்குகிறது. அப்படிப்பட்ட நாளில் பாசியும் சேர்ந்து வரும். பை மாதிரி நீளும் வலையின் வால்முடிச்சை அவ்வப்போது அவிழ்த்துப் பாசியை வெளியே விட்டுக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்திலேயே கழுத்துத் தண்ணீரில் நிற்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஈழத்திலிருந்து வந்த கப்பலில் யானை இருக்கிறதென்றும், அதைக் கடலில் இறக்கி நீந்தவிட்டுக் கரையேற்றப் போகிறார்கள் என்றும் ஊரே ஓடியது. யானை நீந்துவதை யார் பார்த்திருக்கிறார்கள்? அவிழ்த்துவிட்டுப் போனால் இறால் போய்விடும் என்று, வால்முடிச்சை இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டிவிட்டு நானும் ஓடினேன். யானை நீந்தியது. தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, அலையைக் கடந்து, கரையேறி, எங்கள் எல்லோர் மேலும் தண்ணீரைப் பீய்ச்சியது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்ததில்லை.

திரும்பி வந்தால் இரண்டு கழியில் ஒன்றுதான் நிற்கிறது, அதில் முழ நீளத்துக்குக் கயிறு ஆடுகிறது. பாசி அடைத்து, பாரம் தாங்காமல், வலை பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. கரையில் உன் மாமன்மார் நால்வர், உன் அம்மா, என் நைனா. "இன்னா ஆச்சு?" என்று உன் பெரிய மாமன் கேட்டார். யானை பார்க்கப் போனேன், முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கட்டி இரண்டு மாசம்தான் ஆன பெண்டாட்டி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "அக்கரைக்காரன் அறுத்துட்டான்"ன்னு வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன மறுநொடியே விளையாட்டுக்கு என்று சிரித்திருந்தால் நான்கு திட்டோடு போயிருக்கும். நான் சிரிக்கவில்லை. மறுநாள் காலை பதினோரு தோணி கிளம்பியது, எல்லோர் கையிலும் துடுப்பும் கழியும். பாதி ஏரியில் அவர்களுடைய ஒற்றைத் தோணி எதிரே வந்தது. உள்ளே நம் வலை கிடந்தது. "பாருங்கடா, அறுத்த வலை!" என்று நம்மவர்கள் கத்தினார்கள். நானும் பார்த்தேன். என் இரட்டை முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பிறகு துடுப்புகள் எழுந்தன. அந்தத் தோணியில் முன்னால் நின்ற பதினெட்டு வயதுப் பையனுக்கு அன்று இடது கண் போயிற்று. யார் துடுப்பு பட்டது என்று யாருக்கும் தெரியாது. என்னுடையதாகவும் இருக்கலாம். அந்தப் பையன்தான் எல்லப்பன்.

இப்போது புரிகிறதா நான் ஏன் சிரித்தேன் என்று? இரண்டு குப்பமும் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு அந்த முதல் நாளுக்குத்தான் போகும். சண்டை இருக்கும்வரை என் பொய் பத்திரமாக இருந்தது. உன் ஆசை எனக்குப் பயமாக இருந்தது, அதைக் கேலியால் மூடினேன். பதின்மூன்று நாளாக அந்த மனுஷன் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். மடவை மீனின் முள்ளை எடுத்து உன் தங்கைக்கு ஊட்டிவிடுகிறான். சும்மா இருக்க முடியாமல் என் பழைய வலையை எடுத்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் கிழிசல் தைக்கிறான். அந்தக் காட்சியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

நேற்றுக் காலை உன் அம்மாவிடம் சொன்னேன். நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கடைசியில், "யான எப்படி இருந்துச்சு?" என்றாள். "இன்னா?" என்றேன். "இல்ல, எங்கண்ணன்மாரு மூணு மாசம் பின்னின வலைய வுட்டுட்டுப் போய்ப் பாத்தியே, சோக்கா இருந்துச்சான்னு கேட்டேன்" என்றாள். அப்புறம் கையில் இருந்த நண்டை என் மேல் வீசினாள். குறி தப்பவில்லை. அழுதாள். திட்டினாள். சந்தையில் அக்கரைப் பெண்களோடு இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே மர நிழலில் மாறி மாறி உட்கார்ந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எல்லப்பனிடம் சொல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்குச் சோறு இல்லை என்று முடித்தாள். ஆகவே இன்று விடிந்ததும் அவனிடம் போனேன். வலையோரம் உட்கார்ந்திருந்தான். "எல்லப்பா, அந்த வலைய நீங்க அறுக்கல" என்று ஆரம்பித்தேன். ஊசியை நிறுத்தாமலே, "தெரியும் அண்ணாத்தே" என்றான்.

அவர்களுக்கு அன்றைக்கே தெரியும், மகனே. பிய்ந்த வலை அவர்கள் கரையில்தான் போய் ஒதுங்கியிருக்கிறது. "வால்முடிச்சு அவுக்காம அப்படியே கீது, உள்ள பொதிமாரி பாசி. எங்க நைனா பாத்துட்டு, யாரோ யான பாக்கப் போயிட்டான்டான்னு வுழுந்து வுழுந்து சிரிச்சாரு. புது வலை, பாவம், தேடுவாங்க, குடுத்துட்டு வரலாம்னுதான் மறுநாளு கெளம்பினோம். பாதி தண்ணியில நீங்க பதினோரு தோணியா வரீங்க." நான் உட்கார்ந்துவிட்டேன். "சொல்லியிருக்கலாமேடா" என்றேன். "சொன்னோம். யாரு கேட்டீங்க?" என்றான். பிணைக்கு ஏன் நீயே வந்தாய் என்று கேட்டேன். "அந்த முடிச்சப் போட்ட ஆளு யாருன்னு எங்களுக்குத் தெரியும். அவன் வூட்டுல சோறு துன்னா சொல்லுவானா மாட்டானான்னு பாக்கலாம்னு வந்தேன். இன்னும் ரெண்டு நாளு பாத்துட்டுப் போயிருப்பேன்." காலைப் பிடிக்கக் குனிந்தேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டான். "எங்கிட்டச் சொன்னது போதாது அண்ணாத்தே. எங்க ஆளுங்களுக்கு எல்லாம் தெரியும். உங்க ஆளுங்களுக்குத்தான் தெரியாது" என்றான்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். மணல் திட்டில் நாட்டார் மன்னிப்புப் பேச்சை எடுத்ததும் நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், யானையிலிருந்து. நம்மவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. ஊரை விட்டு விலக்கலாம். விலக்கினால் எங்காவது ஒரு திட்டில் குடிசை போட்டுக்கொள்கிறோம், உன் அம்மா அதற்கும் தயார். என்னால் உனக்குத் தலைகுனிவு வரும். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பன் மகனிடம் கேட்கலாமா என்றெல்லாம் நான் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், கேள்: இருபத்துமூன்று வருஷத்தில் என் உடம்பு இவ்வளவு லேசாக இருந்ததில்லை. இன்று காலை முதல் எனக்கு ஓடவேண்டும் போல இருக்கிறது. நாளை மறுநாள் எப்போது விடியும் என்று இருக்கிறது. முறை வந்துவிட்டால், மழைக்குப் பிந்தி இறால் இறங்கும் அந்த ஆறு வாரமும் காவல் காக்காமல் மீன் பிடிக்கலாம். கன்னியம்மா யாருக்கும் பயப்படாமல் வாய்க்காலில் இறங்கலாம். உன் தங்கை வளர்ந்து பெரியவளானதும் மாப்பிள்ளை அக்கரையிலும் பார்க்கலாம். நீ மணலில் கோடு கிழித்துக் காட்டியபோது நான் பார்க்க மறுத்ததை எல்லாம் இப்போது நானே உட்கார்ந்து எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மீசை நரைத்த குழந்தை ஆகிவிட்டேன்.

உனக்குச் சில சொல்ல வேண்டும். அங்கே கூட்டத்தில் நீ அழகாகப் பேசுவாய், எனக்குத் தெரியும். ரொம்ப அழகாகப் பேசாதே. பெரியவர்களுக்கு அவர்களாகவே விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு பெருமை வேண்டும், அதற்கு இடம் வை. யாராவது பழையதைக் கிளறினால் வாயை அடைக்காதே. முழுக்கச் சொல்ல விடு, இத்தனை வருஷம் கேட்க ஆள் இல்லாமல் கிடந்த பேச்சு அது. முறை வைத்த பிறகும் சண்டை வரும். மனுஷர்கள்தானே. அப்போது கழியை எடுக்கும் முன் ஒருவன் வெறுங்கையோடு போய் என்ன நடந்தது என்று கேட்டு வரவேண்டும் என்று ஒரு சட்டம் வையுங்கள். எங்களில் ஒருவன் அன்றைக்கு அப்படிப் போயிருந்தால் எல்லப்பனுக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும். வெட்கப்படும்படி ஏதாவது செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. முதல் நாள் அது ஒரு சின்ன அசட்டுத்தனம்தான். நண்டால் ஓர் அடியோடு போய்விடும்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு நீ அவர்கள் பிணையாக அவர்கள் பக்கம் உட்கார்ந்திருப்பாய். நான் எழுந்து சொல்லும்போது நம்மவர்கள் சத்தம் போடுவார்கள். யாராவது என் மேல் மண்ணை வாரி வீசலாம், அடிக்கவும் வரலாம். உன் கால் தானாக என்னிடம் ஓடிவரப் பார்க்கும். வராதே. அங்கேயே நில். என் பொய்யை நம் குப்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் என் பக்கத்தில் நின்றுதான் கேட்டு வளர்ந்தார்கள். உண்மையைச் சொல்லும்போது ஒரு பிள்ளையாவது எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்கட்டும். அது என் பிள்ளையாக இருக்கட்டும்.

உன் நைனா